தொழிற்சாலை வந்துவிட்டால் நாடு தொழில்மயமாகிவிடுமா?

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு மானிடப் புவியியல் நடத்துகிறேன். தொழில்மயமாதல் பாடத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன். தொழிற்சாலை எங்கே அமையும் என்று கணக்கிடும் ஆல்ஃபிரட் வெபரின் அமைவிடக் கோட்பாடு ஓர் அத்தியாயம், எல்லா நாடுகளும் ஒரே பாதையில் வளர்கின்றன என்னும் ரோஸ்டோவின் ஐந்து கட்டங்கள் அடுத்தது, உலகை ஆதாயம் குவியும் மையம், மூலப்பொருள் தரும் விளிம்பு என்று பிரிக்கும் வாலர்ஸ்டைனின் கோட்பாடு அதற்கும் அடுத்தது. மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. மாணவர்களும் தனித்தனியாக மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இம்முறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "கானாவில் அலுமினியத் தாதான பாக்சைட் இருக்கிறது, பெரிய அணை இருக்கிறது, அலுமினிய ஆலையும் இருக்கிறது. தென்கொரியாவில் சொல்லிக்கொள்ளும்படி இரும்புத்தாதும் இல்லை, எஃகு உலைக்கு வேண்டிய கற்கரியை (காற்றின்றிச் சுட்ட நிலக்கரி) செய்ய ஏற்ற நிலக்கரியும் இல்லை. அப்படியிருக்க, கொரியா எஃகு விற்கிறது, கானா தங்கமும் கோகோவும் விற்கிறது. ஏன்?" மூன்று கோட்பாடுகளில் எதை எடுத்தாலும் பாதி விடைதான் கிடைக்கிறது. மீதிப் பாதியை உங்களிடம் கேட்கிறேன்.

உலைக்களம்

அம்மா, முதலில் வெபருக்காக வாதாட அனுமதியுங்கள். 1909இல் அவர் எழுதியதைப் பலரும் பழங்கதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. போக்குவரத்துச் செலவு, கூலிச் செலவு, தொழில்கள் ஓரிடத்தில் திரள்வதால் கிடைக்கும் ஆதாயம் என்ற மூன்றையும் வைத்து அவர் போட்ட கணக்கு இன்றும் பல இடங்களில் அப்படியே பொருந்துகிறது. இன்றைய செம்புச் சுரங்கங்கள் பலவற்றில் நூறு கிலோ தாதை வெட்டினால் ஒரு கிலோ செம்புகூடத் தேறாது. அதனால்தான் தாதை அரைத்துச் செறிவூட்டும் வேலை சுரங்கத்தின் அருகிலேயே நடக்கிறது. வெறும் கல்லைக் கப்பலேற்ற யார் பணம் கொடுப்பார்கள்? குளிர்பானம் இதற்கு நேர்மாறு. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் வாங்குபவர் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே புட்டியில் அடைக்கிறார்கள்.

எஃகை எடுத்துக்கொண்டால் மாணவர்களுக்கு இன்னும் தெளிவாகப் புரியும். மரக்கரி எரித்த காலத்தில் காடு இருந்த பக்கம் உலை இருந்தது. 1709இல் கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். அதன் பிறகு உலைகள் மெல்ல மெல்ல நிலக்கரி வயல்களுக்கு நகர்ந்தன. அக்காலத்து ஊதுலை ஒரு டன் இரும்புக்குப் பல டன் நிலக்கரியை விழுங்கியது. தாதைவிட எரிபொருளின் எடை அதிகம் என்றால் எதை எதனிடம் கொண்டுபோவது என்பதில் குழப்பமே இல்லை. 1828இல் ஜேம்ஸ் நீல்சன் சூடாக்கிய காற்றை உலைக்குள் ஊதும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எரிபொருள் தேவை சரிந்தது. அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் நிலக்கரி வயலின் பிடியைத் தளர்த்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியர் கடலோர நிலத்திலேயே ஆலைகளைக் கட்டினார்கள். தாது ஒரு கண்டத்திலிருந்து வரும், நிலக்கரி இன்னொரு கண்டத்திலிருந்து வரும், ஆலையின் துறைமுகத்திலேயே இறங்கும்.

எனவே கொரியாவில் தாது இல்லை என்பது வெபருக்குப் புதிரே அல்ல. கடல்வழிச் சரக்குக் கட்டணம் விழுந்த பிறகு, ஆழமான துறைமுகம் வைத்திருப்பவனுக்குச் சுரங்கம் தேவையில்லை.

மேற்காற்று

உலைக்களம் சொல்வதில் கணக்கு சரி. அந்தக் கணக்கைப் போடுபவர் யார், யாருடைய லாபத்துக்காகப் போடுகிறார் என்பதுதான் வெபரிடம் இல்லை.

அர்ஜென்டினாவின் மத்திய வங்கியை நடத்திய ரவுல் பிரெபிஷ், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து இதைத்தான் சொன்னார். மூலப்பொருள் விற்று இயந்திரம் வாங்கும் நாட்டுக்கு வாணிப வீதம், அதாவது விற்கும் பொருளின் விலைக்கும் வாங்கும் பொருளின் விலைக்கும் உள்ள விகிதம், நீண்டகாலப் போக்கில் பாதகமாகவே திரும்புகிறது. ஹான்ஸ் சிங்கரும் ஏறக்குறைய அதே நேரத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

ரோஸ்டோவை என்னால் ஏற்கவே முடியாது. 1960இல் வெளிவந்த அவருடைய நூலின் துணைத்தலைப்பே அதைக் கம்யூனிஸ்ட் அல்லாத அறிக்கை என்று அறிவித்துக்கொண்டது. பின்னர் அவர் வெள்ளை மாளிகையில் ஆலோசகராகவும் இருந்தார். எல்லா நாடுகளும் 'மரபுச் சமூகம்' என்ற முதல் கட்டத்திலிருந்து கிளம்பி ஒரே பாதையில் ஏறுகின்றன என்கிறார் அவர். 1750இல் உலக உற்பத்தித் தொழிலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்தில் நடந்தது என்பது பொருளாதார வரலாற்றாளர் பால் பைரோக்கின் மதிப்பீடு. 1900இல் அது இரண்டு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதை ரோஸ்டோவின் ஏணியில் எந்தப் படியில் வைப்பீர்கள்? கீழ்ப்படியில் நிற்கும் பல நாடுகள் அங்கேயே பிறந்தவை அல்ல, அங்கே இறக்கப்பட்டவை.

வரைபடம்

மாணவி கேட்ட கேள்வி மிகவும் கூர்மையானது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கோட்பாடுகளைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு அவர் சொன்ன அந்த இரண்டு இடங்களையும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இரண்டும் ஒரே பத்தாண்டில் முளைத்த திட்டங்கள்.

கானாவில் வோல்டா ஆற்றின் குறுக்கே அகோசொம்போ அணை 1961 முதல் 1965 வரை கட்டப்பட்டது. உலகிலேயே பரப்பளவில் மிகப்பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று அதன் பின்னால் தேங்கியது. சுமார் 80,000 பேர் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். கானாவின் அப்போதைய தலைவர் குவாமே இன்க்ரூமாவின் கனவு அணையோடு நிற்கவில்லை. உள்நாட்டு பாக்சைட்டை வெட்டி, உள்நாட்டிலேயே அலுமினா என்ற இடைநிலைப் பொடியாக்கி, ஆற்றின் மின்சாரத்தால் அலுமினியமாக்கி, அதிலிருந்து பொருள்களும் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் வரைந்த முழுப் படம். அணைக்கு உலக வங்கியும் அமெரிக்காவும் பிரிட்டனும் கடன் கொடுத்தன. உருக்காலை தேமா துறைமுகத்தில் வந்தது. அதன் உரிமை கைசர், ரேனால்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்குப் போனது.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். அந்த ஆலை கானாவின் பாக்சைட்டைத் தொடவில்லை. அலுமினாவைக் கப்பலில் வெளிநாட்டிலிருந்து இறக்கியது, அணையின் மின்சாரத்தில் பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தத்தில் மலிவாக வாங்கியது, அலுமினியக் கட்டிகளைக் கப்பலில் வெளியே அனுப்பியது. பாக்சைட் ஒருபுறம் தாதாகவே ஏற்றுமதியானது. ஒரு டன் அலுமினியத்துக்குப் பதின்மூன்று, பதினான்காயிரம் யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஆகவே நடந்தது உண்மையில் மின்சார ஏற்றுமதி. மின்சாரத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால் அது உலோகத்தின் வடிவத்தில் போனது. இடையில் இருக்க வேண்டிய அலுமினாச் சுத்திகரிப்பு ஆலை, இன்க்ரூமா மிகவும் விரும்பிய அந்த நடுக்கண்ணி, கட்டப்படவே இல்லை. ஆலை திறந்த 1967க்கு முன்பே, 1966 பிப்ரவரியில், அவருடைய ஆட்சியும் கவிழ்ந்துவிட்டது.

இப்போது தென்கொரியாவின் கடலோர நகரமான போஹாங். கொரியா ஒருங்கிணைந்த எஃகு ஆலை கட்ட விரும்பியபோது உலக வங்கி அதை லாபகரமான திட்டமாகக் கருதவில்லை. மேற்கத்திய நிறுவனங்களின் கூட்டமைப்பும் பணம் திரட்ட முடியாமல் கலைந்தது. கடைசியில், 1965 உடன்படிக்கையின்படி காலனி ஆட்சிக்கால இழப்புகளை முன்னிட்டு ஜப்பான் கொடுத்த தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு, 1970இல் வேலையைத் தொடங்கினார்கள். 1973இல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னைச் சற்றே தாண்டும் திறனோடு ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே பொறியாளர்களும் தொழிலாளர்களும் கூட்டங்கூட்டமாக ஜப்பானிய ஆலைகளில் போய் வேலை கற்றுத் திரும்பியிருந்தார்கள். அதே கடற்கரையில் தெற்கே உல்சானில் கப்பல் கட்டும் தளம் எழுந்தது. பிறகு கார் ஆலைகள். போஹாங்கின் தகடு அவற்றுக்குள் போனது. அவற்றின் தேவை போஹாங்கை அடுத்தடுத்து விரிவாக்கியது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958இலேயே முன்னோக்கிய இணைப்பு, பின்னோக்கிய இணைப்பு என்று எழுதியது இதைத்தான். ஓர் ஆலை தனக்கு வேண்டியதை யாரிடம் வாங்குகிறது, தான் செய்ததை யாரிடம் கொடுக்கிறது என்று பாருங்கள். தேமாவில் இரண்டு கேள்விக்கும் விடை கடலுக்கு அப்பால் இருந்தது. போஹாங்கில் தாதும் நிலக்கரியும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தன. பழுது பார்த்தவர், வரைபடம் திருத்தியவர், தகட்டை வாங்கி வளைத்தவர் எல்லோரும் மெல்ல மெல்ல உள்நாட்டவர் ஆனார்கள்.

என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். வரைபடத்தில் தொழிற்சாலைகளைப் புள்ளிகளாகக் குறித்துவிட்டு அதற்குத் தொழில்மயமாதல் என்று பெயர் வைப்பது மாணவர்களைத் திசைதிருப்பும் செயல். புள்ளிகளுக்கு இடையே ஓடும் கோடுகளை வரையச் சொல்லுங்கள்.

மேற்காற்று

அருமையான விளக்கம். ஆனால் கொரியாவை முன்மாதிரியாக நிறுத்தும்போது அதன் அண்டை அயலையும் சேர்த்து வரையுங்கள், வரைபடம். பனிப்போரின் எல்லைக்கோட்டில் நின்ற நாடு அது. அமெரிக்க உதவி கொட்டியது, அமெரிக்கச் சந்தை திறந்தே இருந்தது, வியட்நாம் போர் கொரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களைத் தேடித்தந்தது. கடலின் மறுகரையில் ஜப்பான். 1950ஐ ஒட்டி நடந்த நிலச்சீர்திருத்தம் பழைய நிலவுடைமையாளர்களின் பிடியை முறித்துவிட்டிருந்தது. தைவானிலும் அதே காலத்தில் அப்படித்தான். இவற்றில் ஒன்றுகூட கானாவின் பக்கம் இல்லை.

வாலர்ஸ்டைன் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே அரைவிளிம்பு என்றொரு அடுக்கை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சில நாடுகளுக்கு ஏறிவர இடம் விடப்படுகிறது. எல்லோருக்கும் விடப்படுவதில்லை.

தறிநூல்

நான் ஆயத்த ஆடைத் துறையில் கொள்முதல் பிரிவில் இருப்பவன். கோட்பாடுகளில் உங்கள் அளவுக்குப் பழக்கமில்லை, ஆனால் வரைபடம் சொன்ன 'வேலை கற்றுத் திரும்புதல்' என்பதற்கு என் துறையிலிருந்து ஒரு சான்று தர முடியும்.

1974இல் பல்லிழை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எத்தனை சட்டை இறக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தன. கொரிய நிறுவனங்கள் தங்கள் வரம்பைத் தொட்டுவிட்டன. வரம்பு எட்டாத நாட்டைத் தேடிய டேவூ நிறுவனம், வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற புதிய நிறுவனத்தோடு கைகோத்தது. தேஷிலிருந்து 130 பேர் 1979இல் பூசான் நகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். தையல் மட்டும் அல்ல. வெட்டும் மேசையில் துணி வீணாகாமல் அளவு போடுவது, தையல் வரிசையைச் சமன்செய்வது, தரம் பார்ப்பது, ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பது என்று எல்லாமே. அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் தேஷை விட்டு வெளியேறிச் சொந்த ஆலை தொடங்கினார்கள் அல்லது பிற ஆலைகளுக்குப் போனார்கள். நிறுவனத்துக்கு அது இழப்பு. நாட்டுக்கோ அதுவே தொழிலின் தொடக்கம். இன்று வங்கதேசத்தின் சரக்கு ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆடையிலிருந்து வருகிறது.

வங்கி நடைமுறையையும் யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். வாங்குபவர் திறந்த கடன் உறுதிக் கடிதத்தை (பணம் வந்துசேரும் என்று வங்கி தரும் உறுதி) ஈடாகக் காட்டி, துணி இறக்குமதிக்கு இன்னொரு கடிதம் திறக்கும் வசதியை அங்கே கொண்டுவந்தார்கள். கையில் முதல் இல்லாதவர்கூட ஆலை நடத்த முடிந்தது இதனால்தான். ஏற்றுமதிக்கான துணியைத் தீர்வையின்றி இறக்கிவைக்கும் கிடங்கு வசதியும் சேர்ந்துகொண்டது. பாடப்புத்தகங்கள் மலிவான கூலி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. கூலி மலிவான நாடுகள் அந்நாளில் எத்தனையோ இருந்தன.

ஆனால் இதன் மறுபக்கத்தை எழுதாமல் போனால் எனக்கு மனம் ஒப்பாது. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக்கிளையும் கடைகளும் மூடப்பட்டன, தையல் தொழிலாளர்கள் மட்டும் மேலே ஏற்றப்பட்டார்கள். கொரியாவிலும் ஒன்றும் குறைவில்லை. 1970 நவம்பரில் சியோலின் ஆடைச் சந்தையில் வேலை பார்த்த சொன் தே-இல் என்ற 22 வயது இளைஞர், ஏட்டில் இருந்த தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தீக்குளித்து இறந்தார். போஹாங்கில் வேலை தொடங்கிய அதே ஆண்டு அது. வளர்ச்சி விகிதத்தின் கோட்டை வரையும்போது இந்த ஆண்டையும் அதில் குறியுங்கள்.

உலைக்களம்

தறிநூல் எழுதியதைப் படித்த பிறகு என் வெபருக்கு ஒரு பின்குறிப்பு சேர்க்க வேண்டியிருக்கிறது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஏற்றிய கப்பல் ஒன்றை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. அதுவரை சரக்கு மூட்டை மூட்டையாகத் தோளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் செலவு சரிந்ததும் போக்குவரத்தின் கனம் குறைந்து, கூலியும் திரள்வும் முன்னுக்கு வந்தன. ஒரே சட்டையின் பஞ்சு ஒரு நாட்டில், நூல் ஒரு நாட்டில், தையல் ஒரு நாட்டில் என்று பிரிந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம். வெபரின் கோட்பாடு பொய்க்கவில்லை. அதில் போடும் எண்கள் மாறின.

செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் அடுத்து வரப்போகும் கேள்வி எனக்கு இப்போதே தெரிகிறது: "கொரியா ஏறிய வழி இன்னும் திறந்திருக்கிறதா?" அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791இலேயே இளந்தொழில்களுக்குப் பாதுகாப்பு கேட்டார், ஜெர்மனியில் ஃபிரெடெரிக் லிஸ்ட் 1841இல் அதையே எழுதினார், பிரிட்டனே நெடுங்காலம் சுங்கவரிச் சுவருக்குள் வளர்ந்துவிட்டுத்தான் தடையற்ற வாணிபம் பேசியது என்பதையெல்லாம் சொல்லிவிடுவேன். இன்றைய நிலைக்கு என்ன சொல்வது?

வரைபடம்

கதவு மூடவில்லை, ஆனால் குறுகிவிட்டது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உச்சக்கட்டத்தில் வேலை செய்வோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உற்பத்தித் தொழிலில் இருந்தார்கள். கொரியாவில் 1980களின் இறுதியில் அது கால் பங்கைச் சற்றே தாண்டி நின்றது. பிறகு வந்த நாடுகள் பலவற்றில் அதைவிட மிகத் தாழ்ந்த அளவிலேயே, வருமானமும் உயராத நிலையிலேயே, அந்தப் பங்கு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடுகிறது. டானி ரோட்ரிக் இதை முதிராத் தொழில்நீக்கம் என்கிறார். தானியங்கி இயந்திரங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம் சீனா. 1980இல் ஷென்சென் உள்ளிட்ட நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களோடு தொடங்கி, 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து, இன்று உலக உற்பத்தித் தொழிலின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கி நிற்கிறது. உலகின் எஃகில் பாதிக்கும் மேல் அங்கே உருகுகிறது. புதிதாக வருபவர் அந்தத் திரள்வோடு போட்டியிட வேண்டும். ஒரு திருகாணி வேண்டுமென்றால் பத்துப் பேர் பக்கத்துத் தெருவில் செய்து தருகிற இடத்தை, கூலியை மட்டும் குறைத்து வெல்ல முடியாது.

எத்தியோப்பியா முயன்றது. 2016இல் ஹவாசா தொழிற்பூங்காவைத் திறந்தது. கடற்கரை இல்லாத நாடு என்பதால் ஜிபூட்டி துறைமுகம் வரை மின்சார ரயில் பாதை போட்டது. துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது, தைத்த ஆடை வெளியே போனது. உள்நாட்டுப் போரை முன்னிட்டு, 2022 ஜனவரியில் அமெரிக்கா தீர்வையற்ற நுழைவுச் சலுகையை நிறுத்தியதும் கொள்முதல் ஆணைகள் சுருங்கின. சலுகையை நம்பி நின்ற ஆலை சலுகையோடு தள்ளாடியது. தேமாவின் கதையைத்தான் வேறு சரக்கோடு படிக்கிறோம்.

நெய்தல்நிலா

இடையே ஒரு சிறு செய்தி. மையத்தில் இருப்பவர்களுக்கும் இடம் நிரந்தரமில்லை. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்டில் 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் ஆறரை லட்சத்துக்கும் குறைவு. ஜெர்மனியின் ரூர் பகுதி வேறு வழியில் போனது. நிலக்கரி நெருக்கடி தொடங்கிய பிறகு, 1960களில், போஹும் நகரில் தொடங்கி அங்கே பல்கலைக்கழகங்களைக் கட்டினார்கள். அதற்கு முன் அவ்வளவு பெரிய தொழிற்பகுதியில் ஒன்றுகூட இல்லை. அந்நாட்டின் கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ராப்பில் மூடப்பட்டது. ஒன்று சரிந்தது, மற்றது அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு இறங்கியது. மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மேற்காற்று

இந்தோனேசியாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை விதித்தார்கள். உலகில் வெட்டப்படும் நிக்கலில் பாதிக்கும் மேல் இன்று அங்கிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, 2022இல் நடுவர் குழு இந்தோனேசியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டுத் தடையைத் தொடர்கிறது. சுலாவேசித் தீவின் மொரோவாலியில் உருக்காலைகள் வரிசையாக எழுந்துவிட்டன. விளிம்பில் இருக்கும் நாடு விதியை மீறித்தான் மேலே வர முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

வரைபடம்

தடையை நானும் வரவேற்கிறேன். தாதை மட்டும் விற்ற நாடு இப்போது உலோகம் விற்கிறது; அது சிறிய செய்தி அல்ல. ஆனால் மொரோவாலியையும் தேமாவைப் பார்த்த அதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆலைகளில் முதலீடும் தொழில்நுட்பமும் பெரும்பாலும் சீன நிறுவனங்களுடையவை. மின்சாரம் ஆலைக்கென்றே கட்டிய நிலக்கரி மின்நிலையங்களிலிருந்து வருகிறது. மின்கார் பேட்டரிக்குப் போகும் உலோகத்துக்கு நிலக்கரிப் புகை. 2023 டிசம்பரில் அங்கே ஓர் உருக்காலையில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

அம்மா, உங்கள் மாணவியிடம் மொரோவாலியை ஒப்படைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை டன் வெளியேறுகிறது என்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். உலையின் உள்சுவருக்கான தீச்செங்கல்லை எங்கே செய்கிறார்கள், உலை நின்றால் திறந்து பார்க்கும் பொறியாளர் எந்த நாட்டில் படித்தவர், அங்கே உருகும் நிக்கலை வாங்கி அடுத்த பொருளாக்கும் ஆலை தீவுக்கூட்டத்துக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

செங்காந்தள்

அப்படியே கொடுக்கிறேன். தேமா, போஹாங், மொரோவாலி மூன்றுக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே கேள்விகள். வெபரையும் ரோஸ்டோவையும் வாலர்ஸ்டைனையும் அதன் பிறகு நடத்துகிறேன். படம் வரைந்து முடித்த கையோடு படித்தால் மாணவர்களே மூவரோடும் சண்டை போடுவார்கள். தறிநூல் அவர்களே, கடன் உறுதிக் கடித நடைமுறையை இன்னும் விரிவாக எழுத முடியுமா? வணிகவியல் மாணவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

தறிநூல்

கட்டாயம் எழுதுகிறேன். வார இறுதியில் தனி இழையாகவே தொடங்கிவிடுகிறேன்.